தண்டுவடக் காயமுற்றவரிடம் மனச்சோர்வைக் கண்டறிதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

தண்டுவடக் காயமுற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. "இந்த நிலையில் யாருக்குத்தான் மனம் சோராது?" என்று மருத்துவப் பணியாளர்களே சொல்லிக் கடந்துவிடுவதால் அந்த ஒருவர் சிகிச்சையின்றி விடப்படுகிறார்; நோயில்லாத மற்ற நால்வரின் துயரமோ நோயாகவே பார்க்கப்படுகிறது. மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 படிவம் இந்தக் குழப்பத்தைக் குறைக்கும்.

முதலில், தனிமையை உறுதி செய்யுங்கள். கழுத்துப் பகுதியில் காயமுற்றவர் பேனா பிடிக்க இயலாதவராக இருக்கலாம். அப்போது பராமரிப்பவரைப் படிவம் நிரப்பச் சொல்லாமல், நீங்களே கேள்விகளை வாசித்துப் பதிலைக் குறியுங்கள். தான் ஒரு சுமை என்ற எண்ணத்தை, தன்னைச் சுமப்பவரின் முன் யாரும் எளிதில் சொல்வதில்லை.

அடுத்து, கடந்த இரண்டு வாரங்களை மட்டும் மனத்தில் வைத்துப் பதிலளிக்கச் சொல்லி, ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுங்கள். அதிகபட்ச மொத்தம் 27.

சிக்கல் எழுவது உடல் சார்ந்த கேள்விகளில்தான். தூக்கக் குறைவுக்குத் தசை இறுக்கமோ நரம்பு வலியோ இரவில் உடலைத் திருப்பிப் படுக்க வைப்பதோ காரணமாகலாம். களைப்புக்கு, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென் போன்ற மருந்து காரணமாகலாம். ஆயினும், "இது காயத்தால் வந்தது" என்று நீங்களே முடிவு செய்து மதிப்பெண்ணைக் கழிக்காதீர்கள். சொன்னதைச் சொன்னபடி குறித்துவிட்டு, காரணத்தை ஓரத்தில் தனியாக எழுதுங்கள். அதை எடைபோடுவது மருத்துவரின் வேலை. அசைவு மந்தமாவதைப் பற்றிய எட்டாவது கேள்வியைக் கேட்கும்போது, முடக்கத்தைக் கேட்கவில்லை, அண்மையில் பேச்சிலும் இயக்கத்திலும் வந்த மாற்றத்தையே கேட்கிறோம் என்று விளக்கிவிடுவது நல்லது.

பொதுவாக 10 மதிப்பெண்ணே எல்லைக்கோடு; அதை எட்டினால் மனச்சோர்வு இருக்கலாம் என்று பொருள். தண்டுவடக் காயமுற்றவர்களிடம் நடந்த ஆய்வொன்றில் 11 பொருத்தமாக அமைந்தது. எல்லையை எட்டியவருக்கு நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளில்லை. மனநல வல்லுநர் நேரில் பேசிய பிறகே அதைச் சொல்ல முடியும்.

ஒன்பதாவது கேள்வி, சாவைப் பற்றியும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் கேட்பது. அதற்குப் பூஜ்யம் அல்லாத எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். உடனடி ஆபத்து தென்பட்டால் அவரைத் தனியே விட்டு நகராதீர்கள். படுக்கைப் புண் வராமல் உடலை மாற்றி அமர்வதையும், நேரத்துக்குக் குழாய் மூலம் சிறுநீர் வடிப்பதையும் ஒருவர் திடீரென நிறுத்திவிட்டால், படிவத்தில் இடமில்லாவிட்டாலும் அதையும் குறித்து வையுங்கள்.

மருத்துவமனையை விட்டுச் செல்லும்முன் ஒருமுறையும், வீடு திரும்பிய சில வாரங்களில் மறுமுறையும் இதே படிவத்தை நிரப்பி, இரு மதிப்பெண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.