கடிகாரத் தடத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு தடையி

ஒலுவிலிலோ மட்டக்களப்பிலோ மாணவர் செயற்றிட்டத்துக்காகச் சுற்றுப் பலகை வரைபவர்கள், 10 மெகாஹேர்ட்ஸ் கடிகாரச் சமிக்ஞைதானே என்று தடத்தின் (சமிக்ஞை செல்லும் செப்புக் கோட்டின்) நீளத்தைப் பொருட்படுத்தாமல் விடுவதுண்டு. கவனிக்க வேண்டியது மீடிறனை அன்று. விளிம்பு எழும் நேரத்தையே, அதாவது சமிக்ஞை தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு ஏற எடுக்கும் நேரத்தையே. எஃப்ஆர்4 எனப்படும் வழக்கமான கண்ணாடியிழைப் பலகையில் சமிக்ஞை 1 நனோசெக்கனில் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் செல்கிறது. ஆகவே 1 நனோசெக்கனில் எழும் சமிக்ஞையின் தடம் அத்தூரத்தில் ஆறில் ஒரு பங்கான சுமார் 2.5 சென்ரிமீற்றரைத் தாண்டியதுமே, கல்லடிப் பாலத்துத் தூணில் மோதி வாவி அலை திரும்புவதைப் போல, இம்பீடன்ஸ் எனப்படும் தடங்கல் மாறும் இடத்தில் சமிக்ஞையின் ஒரு பகுதி தெறித்துத் திரும்புவது கவனிக்கத்தக்க அளவை எட்டும்.

எளிய பரிகாரம் தொடர்த் தடையி. வெளியீட்டின் தடங்கல் 20 ஓமும் தடத்தினுடையது 50 ஓமும் எனில், மீதி 30 ஓமுக்கு அண்மையான, எளிதில் கிடைக்கும் 33 ஓம் தடையியை இடலாம். அதைச் சமிக்ஞை புறப்படும் முனையை ஒட்டியே வைக்க வேண்டும். பெறும் முனையில் வைத்தால் (இத்தவறு மிகச் சாதாரணம்) பயனில்லை. தடத்தின் நடுவிலேயே பல சிப்புகளுக்குக் கிளை பிரிந்தால் இம்முறை பொருந்தாது. தடத்தின் கீழுள்ள கிரவுண்ட் தளத்தையும் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் செப்புப் படலத்தையும்) வெட்டாதீர்கள். திரும்பு மின்னோட்டம் அந்த வெட்டைச் சுற்றி ஓட நேர்ந்தால், தடையியின் பெறுமானத்தை எவ்வளவு மாற்றினாலும் அக்குறை தீராது.