நாய் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்

புதுச்சேரியில் நாய் வளர்க்கிறவர்கள் அவசியம் செய்ய வேண்டியது இது. நாய் அசந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. பெரும்பாலும் 30-க்குள் இருக்கும். கனவில் கால் உதறும்போது எண்ண வேண்டாம், கணக்குத் தப்பிவிடும். எண்ணியதைக் காலண்டரில் தேதிக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் இதயமோ நுரையீரலோ சிரமப்படலாம். டாக்டரிடம் அந்தக் காலண்டரையே காட்டுங்கள்.

உதட்டைத் தூக்கி ஈறையும் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் 2 நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உண்ணித் தொல்லை அதிகம். உண்ணிக் காய்ச்சல் முற்றினால் ஈறு வெளுத்துப்போகும். அப்படியிருந்தால் அன்றே குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.