மூச்சு விடாத புல்லாங்குழல்: கேம் இசைக்கு உயிர் கொடுப்பது எப்படி?

எட்டு பிட் காலத்து கேம் இசை ஒன்றை ஆர்கெஸ்ட்ராவாக மாற்றி, பெருமையோடு சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் யாங்கோனில் கோயிலில் நாயனம் வாசிப்பவர். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "குழல் நல்லாத்தான் இருக்கு. ஊதுறவன் எப்படா மூச்சு விடுவான்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் எழுதிய குழல் பகுதி முப்பது வினாடி இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. விலை உயர்ந்த ஒலித்தொகுப்பு இல்லாததுதான் என் குறை என்று அதுவரை நினைத்திருந்தேன். பிறகு அதே இலவச ஒலிகளை வைத்துக்கொண்டு வாசிப்பவரை மட்டும் யோசித்து மாற்றி எழுதினேன். ஆளே மாறியது போல் இருந்தது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

வேண்டியவை கொஞ்சம்தான். ரீப்பர் என்ற இசையமைப்பு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஒலிகளுக்கு விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன், அதை இயக்க ஸ்ஃபோர்ஸாண்டோ, இரண்டும் இலவசம். மாற்ற வேண்டிய பாட்டின் மிடி கோப்பு (எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு) ஒன்று. நம் ஊரில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேவ் பண்ணுங்கள். கரண்ட் சொல்லிவிட்டா போகிறது?

படி 1: சிப்பின் தந்திரங்களைப் பிரித்தெடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மிடி கோப்பைத் திறந்து, மேல் தடத்துக்கு வயலின், கீழ்த் தடத்துக்கு செல்லோ என்று ஒலியை மட்டும் மாற்றிவிடுகிறார்கள்.

1983-ல் வந்த ஃபேமிகாம் என்ற கேம் கருவியின் சிப்பில் இருந்தவை ஐந்தே ஒலித்தடங்கள்: பல்ஸ் இரண்டு, ட்ரையாங்கிள் ஒன்று, நாய்ஸ் (இரைச்சல்) ஒன்று, சாம்பிள் (பதிவு செய்த ஒலி) ஒன்று. ஒரு பல்ஸ் தடத்தில் ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். மூன்று ஸ்வரம் சேர்ந்த கார்டு வேண்டுமென்றால், அந்த மூன்றையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு காதை ஏமாற்றினார்கள். அந்த 'டிரிரிரி' ஓசையை அப்படியே வயலினுக்குக் கொடுத்தால் யாராலும் வாசிக்க முடியாது. அதை அழித்துவிட்டு மூன்று ஸ்வரத்தையும் மூன்று கருவிகளுக்கு நீண்ட ஸ்வரங்களாகப் பிரித்துக் கொடுங்கள்.

இரண்டாவது பல்ஸ் தடம் சில இடங்களில் முதல் தடத்தின் மெட்டையே சற்றுத் தாமதமாக, மெல்லிய ஒலியில் திருப்பிச் சொல்லும். அது செயற்கை எதிரொலி. அதையும் எடுத்துவிடலாம், ரிவெர்ப் (மண்டபத்தில் வாசிப்பது போன்ற எதிரொலிப்பு) அந்த வேலையைச் செய்துகொள்ளும். ட்ரையாங்கிள் தடத்தில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது. பழைய கேம்களில் அந்தத் தடம் வாசிக்கும் பேஸ் (தாழ்ந்த ஸ்வரப் பகுதி) ஒரே சீராகக் கேட்பதற்கு அதுதான் காரணம். உங்கள் பேஸ் கிதாருக்கு அந்தத் தடை இல்லை.

படி 2: வாசிப்பவரை நாற்காலியில் உட்கார வையுங்கள்

வயலினின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே எழுதினால் அது வயலின் இல்லை, வியோலாவுக்குக் கொடுங்கள். கிதாருக்கு ஆறு தந்திதான். பியானோ கார்டை அப்படியே அங்கே ஒட்டாதீர்கள். கையைக் கீழ்நோக்கி வீசும்போது தாழ்ந்த தந்தி முதலில் ஒலிக்கும், அடுத்தடுத்த தந்திகள் ஒவ்வொன்றும் 10 மில்லி வினாடி அளவு தள்ளி வரும். டெம்போ 120 (நிமிடத்துக்கு 120 தட்டு), ஒரு தட்டுக்கு 480 டிக் (மென்பொருள் நேரத்தை அளக்கும் சிறு துண்டு) என்றால், 10 டிக் ஏறக்குறைய 10 மில்லி வினாடி. மேல்நோக்கிய வீச்சில் உயர்ந்த ஸ்வரம் தரும் மூன்று நான்கு தந்திகள் போதும்.

படி 3: மூச்சு

டெம்போ 120-ல் நான்கு பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) என்பது 8 வினாடி. மெட்டை வாயால் பாடிப் பாருங்கள். பாட்டில் நீங்கள் தானாக மூச்சு எடுக்கும் இடம்தான் குழல்காரரும் எடுக்கும் இடம். அங்கே முந்தின ஸ்வரத்தின் வாலை 120 டிக் வெட்டுங்கள். அடுத்த ஸ்வரத்தின் தொடக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். மூச்சுக்கான நேரத்தை முடிந்த ஸ்வரத்திலிருந்துதான் திருட வேண்டும், இல்லாவிட்டால் தாளம் தடுக்கும்.

இடைவெளியே விடக்கூடாத நீண்ட மெட்டா? கோயிலில் இரண்டு நாயனம் ஏன் வைத்திருக்கிறோம்? ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர் விடாமல் பிடித்துக்கொள்வார். இரண்டு குழல் தடம் வைத்து, மூச்சு விடும் இடத்தை ஒன்றில் இங்கும் மற்றதில் அங்குமாக மாற்றி வையுங்கள். வயலினுக்கு மூச்சு இல்லை என்று விட்டுவிடாதீர்கள், வில் இருக்கிறது. பலமாக இழுத்தால் வில் சீக்கிரம் தீர்ந்துபோகும், திருப்பியே ஆக வேண்டும்.

அடுத்தது ஒலியின் உருவம். ரீப்பரின் மிடி எடிட்டரில் கீழே கண்ட்ரோலர் 11 பாதையைத் திறங்கள். இது எக்ஸ்பிரஷன், ஸ்வரம் ஒலிக்கும்போதே ஒலியைக் கூட்டிக் குறைப்பது; 0 முதல் 127 வரை போகும். நீண்ட ஸ்வரம் ஒவ்வொன்றுக்கும் 70-ல் தொடங்கி, 95 வரை ஏறி, முடிவில் 60-க்கு இறங்கும் ஒரு வளைவு வரையுங்கள். சில தொகுப்புகளில் இந்த வேலைக்குக் கண்ட்ரோலர் 1 இருக்கும், இரண்டையும் அசைத்துப் பாருங்கள். கண்ட்ரோலர் 7-ஐ (தடத்தின் மொத்த ஒலியளவு) இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அதைக் கடைசியில் மிக்ஸிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அசைவு (ஸ்வரத்தை நடுங்கவிடும் வைப்ரேட்டோ) கொடுப்பதாக இருந்தால் ஸ்வரம் தொடங்கிய உடனே கொடுக்காதீர்கள். முதலில் ஸ்வரம் நிற்கட்டும், பிறகு அசையட்டும்.

படி 4: டிரம்

மூச்சைச் சரிசெய்துவிட்டு மறுபடி சித்தப்பாவிடம் போனேன். "இவனுக்கு எத்தனை கைடா?" என்றார் இந்தத் தடவை. எண்ணிப் பார்த்தேன். ஹை ஹேட், ஸ்னேர், இரண்டு டாம் எல்லாம் ஒரே நேரத்தில்! டிரம்காரருக்குக் கை இரண்டு, கால் இரண்டு. டாம்களில் கை ஓடும்போது ஹை ஹேட்டைத் தட்டும் கை நிற்க வேண்டும்.

ஒவ்வொரு அடிக்கும் வெலாசிட்டி (அடியின் பலம்) 100 என்று விட்டால் இயந்திரத் துப்பாக்கிதான். ஹை ஹேட் எட்டு அடியை 95, 60, 80, 55, 90, 60, 78, 65 என்பது போல வையுங்கள். தாளத்தின் கனமான இடத்தில் கனமான அடி விழ வேண்டும், இடையில் வருபவை தொட்டுப் போனால் போதும்.

படி 5: நேரம்

பல மென்பொருள்களில் 'ஹியூமனைஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைத் தொடவே வேண்டாம். அது ஸ்வரங்களை இங்கும் அங்கும் சிதறடிக்கும், அவ்வளவுதான். மனிதரின் பிசகு சிதறல் இல்லை, அதற்கு ஒரு திசை உண்டு. உற்சாகம் வந்தால் முந்துவார், பாட்டின் ஒரு பகுதி முடியும் இடத்தில் தயங்குவார்.

இங்கே சைங் வைங் என்ற பர்மிய இசைக்குழுவைக் கேட்டவர்களுக்கு இது புரியும். வட்டமாக அடுக்கிய 21 மத்தளத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர்தான் குழுவை நடத்துகிறார். அவர் வேகத்தை ஏற்றினால் எல்லாரும் சேர்ந்தே ஏறுவார்கள். ஆகவே ஸ்வரங்களைத் தனித்தனியாக நகர்த்துவதைவிட டெம்போவையே அசையுங்கள். பகுதி முடியும் கடைசி பாரில் 120-ஐ 116 ஆக்கி, அடுத்த பகுதியில் 121-ல் தொடங்கிப் பாருங்கள். அதன் பிறகு ஸ்னேரை மட்டும் 5 டிக் பின்னுக்குத் தள்ளலாம்.

இன்னொன்று: மெதுவாக எழும் வயலின் ஒலிகள் கிரிட்டில் (மென்பொருளின் தாளக் கோடுகளில்) சரியாக நின்றாலும் காதுக்குத் தாமதமாகவே கேட்கும். அந்தத் தடம் முழுவதையும் சற்று முன்னே இழுங்கள். எவ்வளவு என்பதை டிரம்மோடு சேர்த்துக் கேட்டுக் காதால் முடிவு செய்யுங்கள்.

படி 6: இடம்

எல்லாக் கருவிக்கும் ஒரே ரிவெர்ப் போதும். ஒன்றுக்கு மண்டபம், இன்னொன்றுக்குக் குகை என்று வேண்டாம். பின்வரிசைக் கருவிகளான பிராஸ், டிம்பனி ஆகியவற்றுக்கு ரிவெர்ப் கொஞ்சம் கூடுதலாகவும், முன்னால் இருக்கும் வயலினுக்குக் குறைவாகவும் அனுப்புங்கள். முதல் வயலினை இடப்பக்கம், செல்லோவை வலப்பக்கம் சற்றே தள்ளுங்கள். பிறகு ஹெட்ஃபோனில் ஒரு தடவையும் போன் ஸ்பீக்கரில் ஒரு தடவையும் கேட்டுவிட்டு, விளக்கு அணைவதற்குள் ரெண்டர் கொடுத்து ஒலிக்கோப்பாக எடுத்துவிடுங்கள்.