கூரியர் தெரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வன்னியிலிருந்து இணையத்தில் பொருள் விற்பவர்களுக்கு

வீட்டில் இருந்தபடியே முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் பொருள் விற்கத் தொடங்கும் ஒருவர், கூரியர் நிறுவனத்திடம் முதலில் கேட்பது ‘முதல் கிலோவுக்கு எவ்வளவு?’ என்பதைத்தான். அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்தே நம்மில் பலர் நிறுவனத்தைத் தெரிவு செய்தும் விடுகிறோம். மற்றத் தவறுகள் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன. ஏ9 வீதியில் ஓடும் லொறிக்கு ஆகும் செலவு எல்லா நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சேவையின் தரமும் விற்பவரின் நட்டமும் தெரிய வருவது, பொதி கிளையில் இறங்கிய பின்னர் வாடிக்கையாளரின் படலை வரைக்கும் போகிற அந்தக் கடைசித் தூரத்திலும், அவர் வாங்க மறுத்த பொதி நம்மிடமே திரும்பி வருகிற வழியிலுமாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. ஒரு நிறுவனம் பொதிக்கு 350 ரூபா கேட்கிறது, திரும்பி வந்தால் இன்னொரு 350 ரூபா அறவிடுகிறது. நீங்கள் அனுப்பிய 10 பொதிகளில் 3 திரும்பி வருகின்றன என்று வைத்துக்கொண்டால், மொத்தச் செலவு 4,550 ரூபா, கைசேர்ந்தவை 7, ஆகவே கைசேர்ந்த ஒரு பொதிக்கு 650 ரூபா. இன்னொரு நிறுவனம் 450 ரூபா கேட்கிறது, ஆனால் திரும்பி வருவதற்குக் கட்டணம் இல்லை. அதன் ஊழியர் முதலில் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் ஆள் இல்லாவிட்டால் மறுநாளும் போகிறார் என்பதால் ஒரே ஒரு பொதிதான் திரும்புகிறது. மொத்தம் 4,500 ரூபா, கைசேர்ந்தவை 9, ஒன்றுக்கு 500 ரூபா. மலிவான நிறுவனம் எது என்பது இப்போது மாறிவிட்டது. எனவே விலைப்பட்டியலைக் கேட்கும்போதே, எத்தனை முறை கொண்டுபோய்க் கொடுக்க முயல்வார்கள், போவதற்கு முன் அழைப்பார்களா, திரும்பும் பொதிக்கு எவ்வளவு, திரும்பி வர எத்தனை நாள் என்பவற்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பொருளைக் கையில் கொடுத்துக் காசு வாங்கும் முறைக்கு, அதாவது கேஷ் ஒன் டெலிவரிக்கு, இன்னொரு கேள்வியும் உண்டு: வாங்கிய காசு நமது வங்கிக் கணக்குக்கு எப்போது வரும்? கிழமைக்கு 2,500 ரூபாப் பொதி இருபது அனுப்புபவருடைய 50,000 ரூபா ஒவ்வொரு கிழமையும் கூரியர் நிறுவனத்திடம் போய்ச் சேர்கிறது. இரண்டு கிழமை தாமதித்துக் கணக்குத் தீர்ப்பவரிடம் எந்நேரமும் ஒரு இலட்சம் ரூபா நிற்கும். சிறு முதலோடு நடத்தும் வீட்டு வியாபாரத்தில் அது அடுத்த தொகுதிப் பனங்கட்டிக்கோ துணிக்கோ கொடுக்க வேண்டிய பணம். புதிய நிறுவனம் ஒன்றோடு தொடங்கும்போது முதல் மாதம் ஐந்தாறு பொதிகளை மட்டும் கொடுத்து, காசு சொன்ன நாளில் வருகிறதா என்று பார்ப்பதே புத்தி. என்னிடம் ஒருமுறை மூன்று மாதம் இழுத்தடித்த நிறுவனத்தின் விலைப்பட்டியல்தான், அதுவரை நான் பார்த்தவற்றுள் மிக மலிவானது.

பொதியைக் கிளையில் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் நம் பகுதிக்கே உரிய தவறு. வீட்டுக்கு வந்து பொதியை எடுத்துச் செல்வோம் என்று விளம்பரத்தில் இருக்கும். அது நகரத்தை அண்டியவர்களுக்குப் பொருந்தும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கும் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். இந்த இரண்டு வீதிகளிலிருந்தும் உள்ளே விலகியிருக்கும் ஊர்களுக்கு, இரண்டு பொதிக்காக வாகனம் அனுப்ப எந்தக் கிளையும் விரும்பாது. இரண்டு பஸ் மாறி நகரத்துக்குப் போய்வரும் கட்டணமும், அதற்காக இழக்கும் அரை நாளும் ஒரு பொதியின் மேல் விழுந்தால் இலாபம் மிஞ்சாது. அயலில் விற்பனை செய்யும் நாலைந்து பேர் சேர்ந்து கிழமையில் இரண்டு நாளைக் குறித்து, ஒரே இடத்தில் பொதிகளைச் சேர்த்துவைத்தால், வாகனம் அனுப்புமாறு கிளையிடம் கேட்பதற்கும் ஒரு பலம் இருக்கும், கட்டணத்தில் கழிவு கேட்பதற்கும் ஒரு நியாயம் இருக்கும்.

முகவரி எழுதுவதில் நாம் காட்டும் அசட்டையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தவறிப்போகும் பொதிகளில் பல இங்கேதான் தவறுகின்றன. புதுக்குடியிருப்பு என்ற பெயரில் முல்லைத்தீவு மாவட்டத்திலும் ஓர் ஊர் உண்டு, மட்டக்களப்பு மாவட்டத்திலும் ஓர் ஊர் உண்டு. மாவட்டம் எழுதாத பொதி எங்கே போகும் என்பது கொழும்பில் தரம் பிரிப்பவரின் ஊகத்தைப் பொறுத்தது. மாவட்டத்தை எழுதினாலும் சிக்கல் முடிவதில்லை. விசுவமடு நிர்வாகப்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் அங்குள்ளவர்கள் கடைத்தெருவுக்குப் போவது பெரும்பாலும் கிளிநொச்சிக்கு. நெடுங்கேணி வவுனியா மாவட்டத்தின் வடக்குப் பிரிவில் இருக்கிறது, ஆனால் ஒட்டுசுட்டானுக்கு அண்மையானது. இத்தகைய ஊருக்கு எந்தக் கிளை பொறுப்பு என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி பிரித்து வைத்திருக்கிறது. முதற்பொதியை அனுப்புவதற்கு முன் அந்தக் கிளையின் பெயரைக் கேட்டு, வாடிக்கையாளருக்கும் சொல்லிவிட்டால், பொதி எங்கே நிற்கிறது என்று தேடும் வேலை பாதியாகக் குறையும்.

மீள்குடியேறிய ஊர்களில் பல வீடுகளுக்கு இலக்கமும் இல்லை, ஒழுங்கைக்குப் பெயரும் இல்லை. ‘பிள்ளையார் கோயிலடி’ என்று எழுதினால் நமக்கு விளங்கும்; ஆனால் வன்னியில் பிள்ளையார் கோயில் இல்லாத ஊர் எது? பாடசாலையின் முழுப்பெயர், அங்கிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது ஒழுங்கை, படலையின் நிறம் என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொலைபேசி இலக்கம் இரண்டு வேண்டும், ஏனெனில் வயலுக்குப் போனவரின் தொலைபேசிக்கு அலை கிடைக்காது. தெற்குக்கு அனுப்பும் பொதியில் முகவரியை ஆங்கிலத்திலும், இயன்றால் சிங்களத்திலும் எழுதி, முல்லைத்தீவுக்கு 42000, வவுனியாவுக்கு 43000 என்பதுபோல அஞ்சல் குறியீட்டையும் சேர்ப்பது நல்லது.

அடுத்தது எடைக் கணக்கு. பனையோலைப் பெட்டியும் தொப்பியும் விற்பவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகின்றனர். பொதியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வருவதைக் கன அளவு எடையாகக் கொண்டு, தராசு காட்டும் எடையோடு ஒப்பிட்டுக் கூடியதற்குக் கட்டணம் எடுப்பது கூரியர் தொழிலில் பரவலான வழக்கம். 40க்கு 30க்கு 30 அளவுள்ள காட்போட் பெட்டிக்கு அது 7.2 கிலோ. உள்ளே இருக்கும் ஓலைப்பெட்டிகள் ஒரு கிலோகூட வராது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவுகளில் பெட்டிகளைப் பின்னுவிப்பதும், பொருளுக்கேற்பப் பெட்டியை வெட்டிச் சிறிதாக்குவதும் கட்டணத்தைக் குறைப்பதுபோல, எந்தப் பேரம் பேசலும் குறைக்காது. தராசு ஒன்றை வீட்டில் வைத்திருப்பதும் வேண்டும், கிளையில் 1.05 கிலோ என்றால் இரண்டாவது கிலோவுக்கும் கட்டணம் விழும்.

எந்தப் பொருளை ஏற்பார்கள் என்று கேட்காமல் அனுப்புவது இன்னொரு தவறு. கருவாட்டைக் காற்று நீக்கிப் பொதி செய்யாவிட்டால் பல கிளைகள் வாங்கவே மாட்டா. வாங்கினாலும் பக்கத்தில் கிடந்த புடவைப் பொதிக்காரர் நம்மைச் சபிப்பார். தேன் இன்னும் சங்கடமானது. நீர்ப்பதம் 20 வீதத்தைத் தாண்டிய தேன் புளித்து வாயு விடும். வெயிலில் நின்ற லொறிக்குள் மூடி உப்பி ஒழுகும். முதிராத காட்டுத் தேனைக் கழுத்து வரை நிரப்பி நான் அனுப்பிய ஆறு போத்தல்களில் மூன்று, போன இடத்தில் ஒட்டிப்பிடித்த காட்போட்டாகத்தான் இறங்கின. கூரியர்காரரைக் குறை சொல்ல அதில் ஒன்றுமிருக்கவில்லை. இப்போது போத்தலில் இடம் விட்டு, மூடியைச் செலோரேப்பால் சுற்றி, ஒவ்வொன்றையும் தனிப் பொலித்தீன் பையில் கட்டி நிமிர்த்தி வைக்கிறேன். மாரியில் பனங்கட்டிக்கும் இதே பக்குவம் தேவை, ஏனெனில் அது ஈரத்தை இழுத்து இளகிவிடும்.

இரவு பஸ்ஸில் பொதி போட்டு அனுப்புவது மலிவு, மறுநாள் விடியவே கொழும்பில் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் பற்றுச்சீட்டு இல்லை. வாங்குபவர் பஸ் நிற்கும் இடத்துக்கே வர வேண்டும். பழகிய வாடிக்கையாளருக்கும் முற்பணம் தந்தவருக்கும் அது பொருந்தும். முன்பின் தெரியாதவருக்குப் பொருந்தாது. அரிசி மூடை போன்ற பாரமானவற்றுக்குப் புகையிரதப் பொதிச் சேவையை விசாரிக்கலாம். நம்மவர்கள் மறந்துபோன ஒன்று அஞ்சலகம். தனியார் கிளை இல்லாத ஊர்களிலும் உப தபாலகம் இருக்கிறது, தபாற்காரருக்கு வீடுகளும் ஆட்களும் தெரியும். காசு பெற்றுக் கையளிக்கும் கூரியர் சேவையையும் அஞ்சல் திணைக்களம் நடத்துகிறது. அந்தச் சேவை உங்கள் அஞ்சலகத்தில் உண்டா என்பதை மட்டும் நேரில் கேட்டறிய வேண்டும்.

எனினும் எந்த ஒன்றையும் முழுதாக நம்பி இருக்கக் கூடாது. 2025 ஆகஸ்ட் நடுப்பகுதியில் அஞ்சல் ஊழியர்கள் ஏறக்குறைய ஒரு வாரம் பணிப்புறக்கணிப்பில் இருந்தனர். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது எந்த நிறுவனத்தின் வாகனமும் வழமைபோல ஓடியிருக்க முடியாது. ஒன்று தடைப்பட்டால் மற்றது என்று இரண்டு சேவைகளில் கணக்கு வைத்திருப்பதும், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடிக்கையாளரிடம் ‘மூன்று நாள்’ என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பதும் நலம்.

வெளிநாட்டு உறவினருக்கும் வாடிக்கையாளருக்கும் அனுப்புவது தனிக் கதை என்பதால் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 22 யூரோ வரையான பொதிகளுக்கு இருந்த வற் வரிவிலக்கு 2021 ஜூலை 1 முதல் இல்லை. பாரிஸில் இருப்பவர் வாசலில் வரி கட்ட நேரும் என்பதை விலை பேசும்போதே சொல்லிவிட வேண்டும்.

பொதி தொலைந்தால் எவ்வளவு நட்டஈடு என்பது பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். பொருளின் பெறுமதி எதுவாயினும் அதற்கு ஓர் உச்ச வரம்பு இட்டிருப்பார்கள். விலை கூடிய பொருளுக்குப் பெறுமதியை எழுதிக் கொடுத்துக் காப்புறுதி எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். பொதி கட்டுவதைத் தொலைபேசியில் காணொளியாக எடுத்து வைப்பது ஒரு நிமிட வேலை. முறைப்பாட்டுக்குக் காலவரையறை உண்டு என்பதால், பொதி வரவில்லை என்று தெரிந்த அன்றே கிளைக்கு எழுத்தில் அறிவித்து, பதில் இல்லையேல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். அப்போது கையில் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து வன்னி வெயிலில் சீக்கிரம் மங்கிவிடும் என்பதால், அதை வாங்கிய இடத்திலேயே படம் எடுத்துவிடுங்கள்.