கடற்கரை வீட்டில் பியானோ: கருவி வாங்குவது முதல் இரு கைகளும் சேரும் வரை

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை என்று நீளும் எங்கள் கரையோர ஊர்களில் இருந்துகொண்டு பியானோ கற்க முடியுமா என்று கேட்பவர்களுக்காக இந்தச் செய்முறை விளக்கத்தை எழுதுகிறேன். நான் நடுவயதில் தொடங்கினேன். அதே ஆசிரியரிடம், அதே கருவியில், என் அக்கா மகளும் தொடங்கினாள். பெரியவருக்கும் குழந்தைக்கும் பாடம் எந்த இடத்தில் ஒன்றாகிறது, எந்த இடத்தில் பிரிகிறது என்பதை ஒரே வீட்டில் பார்க்கக் கிடைத்ததால், இரண்டு தரப்பினருக்கும் பயன்படும்படி எழுத முயன்றிருக்கிறேன். கருவியின் அடிப்படை அறிமுகத்தைத் தவிர்த்துவிட்டேன். அது எங்கும் கிடைக்கும்.

படி 1: கருவி

கம்பி பூட்டிய மரப் பியானோவை இந்தக் கரையில் வாங்காதீர்கள். அதில் ஏறத்தாழ 230 எஃகுக் கம்பிகள் டன் கணக்கான இழுவிசையில் நிற்கின்றன. உப்புக்காற்று முதலில் பிடிப்பது அவற்றைத்தான். கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும் ஒலிப்பலகை, ஈரத்தைக் குடித்து உப்பும்போது சுருதி ஏறும், உலரும்போது இறங்கும். இத்தகைய கருவிகளுக்குக் காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டளவில் இருப்பது நல்லது என்பார்கள். நம் ஊர்க் காற்று ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மிக மேலேயே இருக்கிறது. சுருதி சேர்ப்பவரையும் வெளியூரிலிருந்தே வரவழைக்க வேண்டியிருக்கும்.

எனவே டிஜிட்டல் பியானோதான். 88 கட்டைகளும், அழுத்தும்போது எடை தெரியும் அமைப்பும் இருந்தால் போதும்; நூற்றுக்கணக்கான வாத்திய ஒலிகள் வேண்டியதில்லை. யமஹாவின் பி-45, கேசியோவின் சி.டி.பி.-எஸ்110 ஆகிய இரண்டுமே தொடக்க நிலைக்குத் தாராளமானவை. என் விருப்பம் கேசியோ. மின்சாரம் போனாலும் ஆறு ஏஏ பேட்டரிகளில் அது ஓடும் என்பதே முதற்காரணம். பணம் இடிக்கிறதென்றால் 61 கட்டைகள் கொண்ட கீபோர்டிலும் தொடங்கலாம். ஆனால் மெல்லத் தொட்டால் மெல்லவும், அழுத்தித் தொட்டால் உரக்கவும் ஒலிக்கும் மாடலாக அது இருக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கட்டைகளில் விளக்கு எரிந்து வழிகாட்டும் மாடல்கள் எனக்கு உடன்பாடில்லை. குழந்தை வெளிச்சத்தைத் துரத்தப் பழகுமே தவிர இசையைக் கேட்கப் பழகாது.

அடாப்டர் பழுதானால், வோல்ட் அளவோடு செருகியின் நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்பதையும் பார்த்தே மாற்று வாங்க வேண்டும். குறியீடு கருவியின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஹெட்போனும் அவசியம். இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு விடியலில் கரையேறிய மனிதர் பக்கத்து அறையில் உறங்கும்போது, ஒரே ஐந்து ஸ்வரங்களை ஒருவர் திரும்பத் திரும்ப வாசிப்பது எந்த வீட்டிலும் நல்ல பெயர் வாங்கித் தராது. சில மாடல்களில் ஹெட்போன் துளை 6.35 மி.மீ. அளவில் பெரியதாக இருக்கும். அதற்கு ஒரு மாற்று இணைப்பி தேவைப்படும்.

படி 2: வைக்கும் இடம்

வாடைக்காற்று நேராக அடிக்கும் சன்னலுக்கு எதிரே கருவியை வைக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் மூட வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்துவிடும். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு வேகமாக வாசிக்கும்போது ஆடுகிறது; உறுதியான மேசையே மேல். அமர்ந்ததும் முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்கும்படி இருக்கையின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். குழந்தையின் கால்கள் அந்தரத்தில் தொங்கினால் தோள் இறுகும் என்பதால், பாதத்துக்குக் கீழே ஏதேனும் வேண்டும். எங்கள் வீட்டில் கழுவிக் கவிழ்த்த பிளாஸ்டிக் மீன் பெட்டி ஒன்று அந்த வேலையைச் செய்கிறது.

படி 3: ஆசிரியர்

இங்கே பலருக்கும் எளிதில் கிடைக்கும் ஆசிரியர், தேவாலயப் பாடகர் குழுவிலோ மெல்லிசைக் குழுவிலோ கீபோர்டு வாசிப்பவராக இருப்பார். அவர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே வலக்கை மெட்டை வாசிக்க, இடக்கை ஒரு கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்களை, பிடித்தபடி நிற்க, தாளத்தையும் துணை இசையையும் கருவியே பார்த்துக்கொள்வது வழக்கம். பியானோவில் இடக்கைக்கு அந்த ஓய்வு கிடையாது. ஆகவே இரண்டு கேள்விகளை முன்னதாகவே கேட்டுவிடுங்கள்: ஸ்டாஃப் நோட்டேஷனை, அதாவது ஐந்து கோடுகளில் எழுதும் இசைக்குறிப்பை, படிக்கச் சொல்லித் தருவீர்களா? இடக்கைக்குத் தனியாகப் பயிற்சி தருவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் தயங்க வேண்டாம்.

குழந்தைக்கு வாரம் ஒருமுறை அரை மணி நேரம் போதும். பெரியவருக்கு முக்கால் மணி நேரம். இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்கும் ஏற்பாட்டை ஏற்காதீர்கள். தனிப்பாடம் என்பதன் பயனே போய்விடும். விசைப்படகுத் தொழிலில் இருக்கும் பெரியவர்கள் தொடங்குவதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தொடக்கத்தில் விடாமல் வாசித்த கைக்குப் பிறகு வரும் இடைவெளிகள் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. பள்ளி விடுமுறையும் அதனுள் வருவதால் குழந்தைக்கும் அதுவே பொருந்தும்.

ஊரில் ஆசிரியர் கிடைக்காவிட்டால் இணையவழிப் பாடம். அதில் ஒரு சிக்கல் பலரையும் மடக்குகிறது: கட்டையை அழுத்திப் பிடித்தால் ஒலி ஒரு நொடியில் தேய்ந்து மறைவதாக ஆசிரியர் சொல்வார். கருவியில் கோளாறு இல்லை. பேச்சுக்காக வடிவமைக்கப்பட்ட செயலி, நீண்டு ஒலிக்கும் ஸ்வரத்தை மின்விசிறியின் இரைச்சலைப் போலக் கருதி வெட்டிவிடுகிறது. ஜூம் செயலியின் ஒலி அமைப்புகளுக்குள் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற தெரிவு இருக்கிறது; அதை இயக்கினால் தீரும். ஒலி சென்று சேரச் சற்றுத் தாமதமாவதால் இருவரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க இயலாது. மாறி மாறித்தான் வாசிக்க வேண்டும். கைப்பேசியை முகத்துக்கு எதிரே வைக்காமல், வலப்பக்க அலமாரியில் உயர்த்தி, பத்து விரல்களும் மணிக்கட்டும் தெரியும்படி வையுங்கள்.

படி 4: முதல் மாதம்

கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்ற எண்கள் இரு கைகளுக்கும் பொது. இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டத்துக்கு இடப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை ஸி. இது தெரிந்தால் மற்றவற்றை எண்ணிக் கண்டுபிடிக்கலாம். கட்டைகளின் மேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை.

வாய்ப்பாட்டு கற்றவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள். நாலரைக் கட்டையை, அதாவது எஃப் ஷார்ப்பை, ஸட்ஜமாகக் கொண்டால் மோகனம் வரும். ஒன்றரைக் கட்டையிலிருந்து சுத்த சாவேரி, இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி, ஐந்தரையிலிருந்து மத்யமாவதி, ஆறரையிலிருந்து இந்தோளம். கமகம் வராது என்பதால் இராகம் முழுமையடையாதுதான். ஆனால் தவறான ஸ்வரம் என்ற ஒன்றே அங்கு இல்லாததால், முதல் வாரத்தில் குழந்தை அச்சமின்றிக் கட்டைகளின் மேல் உலவப் பழகுகிறது.

படி 5: இரண்டு கைகளையும் சேர்ப்பது

நான் நெடுநாள் நின்றுவிட்ட இடம் இது. பாதியில் விட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இங்கேதான் விட்டிருப்பார்கள். வலக்கை தனியாக நன்றாக வரும், இடக்கையும் தனியாக வரும், சேர்த்தவுடன் இரண்டும் மறந்துபோகும். தனித்தனியே இன்னும் அதிகமாகப் பழகினால் தானாகச் சேர்ந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. சேர்ந்து வாசிப்பது தனியான ஒரு திறமை; அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும்.

முதலில் கருவியை விட்டு விலகி அமர்ந்து, 'த க தி மி' என்று வாயால் சொல்லியபடி, வலக்கையால் நான்கு எழுத்துகளுக்கும் தொடையில் தட்டுங்கள். இடக்கையால் 'த', 'தி' ஆகிய இரண்டுக்கு மட்டும் தட்டுங்கள். பிறகு கைகளின் வேலையை மாற்றுங்கள். மாற்றும்போதுதான் இடக்கை எவ்வளவு சோம்பேறி என்பது தெரியும். பேசிக்கொண்டே தட்ட முடிகிற நிலை வந்த பிறகே கருவிக்குப் போக வேண்டும்.

கருவியில் முதல் பயிற்சி எதிர்த்திசை. வலக் கட்டைவிரலை நடு ஸியிலும் (கருவியின் நடுப்பகுதியில் இருக்கும் ஸி), இடக் கட்டைவிரலை அதற்குக் கீழ் ஸ்தாயி ஸியிலும் வைத்து, வலக்கை மேலேயும் இடக்கை கீழேயும் ஒரே நேரத்தில் விலகிச் செல்லட்டும். இரு கைகளிலும் 1, 2, 3, 4, 5 என்று அதே விரல்கள் ஒன்றாக இறங்குவதால் மனம் ஒரே கட்டளையைக் கொடுத்தால் போதும். நேர்த்திசையில், அதாவது இரண்டு கைகளும் ஒரே பக்கமாக நகரும்போது, வலக்கையின் 1 இறங்கும் நொடியில் இடக்கையின் 5 இறங்க வேண்டும். ஸ்வரம் ஒன்றாகவும் விரல் வேறாகவும் இருப்பதுதான் குழப்பம். ஆகவே நேர்த்திசைக்கு வரும்போது விரல் எண்களைச் சொல்லாமல் ஸ்வரங்களைப் பாடியபடி வாசியுங்கள்.

இடையில் ஒரு படி: இடக்கை ஸியையும் ஜியையும் தம்புராவைப் போலச் சேர்த்துப் பிடித்திருக்க, வலக்கை ஸி, டி, இ, எஃப், ஜி என்று ஏறி இறங்கட்டும். அது பழகியதும் இடக்கை முதல் அடியில் ஸி, மூன்றாம் அடியில் ஜி என்று பிரித்து வாசிக்கட்டும். பிறகு இரண்டாம், நான்காம் அடிகளில். இந்தக் கடைசி மாற்றம் எளிதாகத் தோன்றும். ஆனால் பெரியவர்களுக்கு இதுவே அதிக நேரம் எடுக்கும்.

அடுத்து முழு ஸ்கேல். ஸி மேஜரை, அதாவது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களை, இரு கைகளாலும் ஏற்றும்போது எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்குகிறார்கள். வலக்கை மூன்று விரல்கள் வாசித்ததும், நான்காவது ஸ்வரமாகிய எஃப்பில் கட்டைவிரல் உள்ளே நுழைகிறது. இடக்கையோ ஐந்து விரல்களையும் வாசித்து முடித்து, ஆறாவது ஸ்வரமாகிய ஏயில்தான் நடுவிரலைத் தாண்டவைக்கிறது. இரண்டு கைகளும் திரும்பும் இடங்கள் வெவ்வேறு. இறங்கும்போது இந்த வேலையை இரு கைகளும் தமக்குள் மாற்றிக்கொள்கின்றன. இதற்கும் எதிர்த்திசையே முதல் மருந்து: இரண்டு கட்டைவிரல்களையும் ஸியில் வைத்து விலகிச் சென்றால், இரு கட்டைவிரல்களும் ஒரே நொடியில் உள்ளே நுழையும். அது இயல்பாகிவிட்ட பிறகு நேர்த்திசையில் முழு ஸ்கேலையும் வாசிக்காமல், இ முதல் பி வரையிலான ஐந்து ஸ்வரங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பழகுங்கள். இரு கைகளும் திரும்பும் இடங்கள் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு கை ஒலியுடன் வாசிக்கும்போது மறு கை கட்டைகளின் மேற்பரப்பை அழுத்தாமல் தொட்டுச் செல்வது இன்னொரு நல்ல உத்தி.

தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடிகளில் வைத்து, அடிக்கு ஒரு ஸ்வரமாக வாசியுங்கள். தடுக்கினால் 50க்கு இறக்குங்கள், முதலிலிருந்து தொடங்காதீர்கள். குழந்தைகள் தடுக்கியதும் தொடக்கத்துக்கே ஓடுவார்கள். அதனால் முதல் வரி மட்டும் மெருகேறி, தடுக்கிய இடம் அப்படியே இருக்கும். பெரியவர்கள் நின்று யோசிப்பார்கள், தாளம் அறுந்துபோகும். குழந்தைக்குத் தடுக்கிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்து அதை மட்டும் வாசிக்கச் சொல்ல வேண்டும். பெரியவரோ, தவறினாலும் நிற்காமல் அடுத்த அடியில் ஏறிக்கொள்ளப் பழக வேண்டும்.

நாள்தோறும் கால் மணி நேரம் இதற்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டுவதில் பயனில்லை.

படி 6: தேர்வு வேண்டுமா?

முதல் ஆண்டில் வேண்டாம் என்பது என் கருத்து. தேர்வுப் பாடல்கள் சிலவற்றையே மாதக்கணக்கில் வாசித்து, நோட்டேஷன் படிக்கத் தெரியாமலே சான்றிதழ் வாங்கும் குழந்தைகள் உண்டு. பிறகு விரும்பினால், டிரினிட்டி காலேஜ் லண்டன், 1889இல் தொடங்கப்பட்ட ஏ.பி.ஆர்.எஸ்.எம். ஆகிய இரண்டு பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்புகளும் கிரேடு 8 வரை தேர்வு நடத்துகின்றன. ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்பின் நிகழ்த்துதல் தேர்வில் நான்கு பாடல்களை இடையில் வெட்டாமல் ஒரே காணொளியாகப் பதிந்து அனுப்பலாம் என்பதால் பாம்பனிலிருந்தே எழுத முடியும். அதில் கிரேடு 6 அல்லது அதற்கு மேல் எழுத, கிரேடு 5 அளவில் இசைக் கோட்பாட்டுத் தேர்வு போன்ற ஒன்றில் முன்னதாகவே தேறியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை

ஒரு கட்டை மட்டும் திடீரென்று அலறுகிறது, மெல்லத் தொட்டாலும் உரக்கவே ஒலிக்கிறது என்று கீழக்கரை வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் தொடர்பு முனைகள் பெரும்பாலும் இரண்டு இருக்கும். இரண்டும் தொடும் இடைவெளி நேரத்தைக் கொண்டே கருவி வேகத்தைக் கணிக்கிறது. தூசியும் ஈரமும் ஒரு முனையில் படிந்தால் கணக்குத் தவறிவிடும். கருவியைத் திறந்து சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் நீங்களே திறக்காதீர்கள். பழைய கருவி வாங்குபவர்கள், எல்லாக் கட்டைகளையும் மெல்ல ஒருமுறை, அழுத்தி ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

வலை இழுத்துக் காய்த்த கை வளையுமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். வளையும். விரல் தடிமன் தடையல்ல. கறுப்புக் கட்டைகளுக்கு இடையே விரல் சிக்கினால், கையைச் சற்று வெளியே இழுத்து, கட்டைகளின் விளிம்பருகே வாசிக்க வேண்டும். கடலிலிருந்து வந்த உடனே உட்காராமல், கையை வெந்நீரில் சிறிது நேரம் வைத்துவிட்டு உட்காருங்கள். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி தெரிந்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட வேண்டும்; வலியோடு தொடர்ந்து வாசித்தால் அடுத்த வாரமும் சேர்ந்து போய்விடும்.