ஆற்காடு டெல்லி கேட்டை பசங்களுக்கு இப்படி காட்டுங்க

வேலூர்ல இருந்து ஆற்காடு போறவங்க பழைய கோட்டை வாசலான டெல்லி கேட் முன்னாடி ஒரு போட்டோ எடுத்துனு கெளம்பிடறாங்க. பசங்கள கூட்டினு போனீங்கன்னா தயவுசெஞ்சு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, 1751ல இங்க முற்றுகைல மாட்டுன ஆங்கிலேய கம்பெனி சிப்பாய்ங்க என்ன பாடு பட்டாங்கன்னு அங்க நின்னே சொல்லித்தரலாம்.

மொதல்ல ஊருக்குள்ள நடங்க. ஒட்டி ஒட்டி இருக்கற வீடுங்களோட மாடி, ஜன்னல காட்டுங்க. அப்பவும் கோட்டை செவுத்து கிட்டயே வீடுங்க இருந்துச்சு, முற்றுகை போட்ட ராசா சாகிப் (சந்தா சாகிப் மகன்) ஆளுங்க அதுல ஏறி ஒக்காந்துனு செவுத்து மேல தலை தெரிஞ்சாலே சுட்டாங்க. கோட்டைக்குள்ள இருந்த கம்பெனி படைக்கு தலைவரான ராபர்ட் கிளைவ் தெருவுல எறங்கி சண்டை போட்டப்போ ஜன்னல்ல இருந்து ஒருத்தன் குறி வெச்சத பாத்து ட்ரென்வித்னு ஒரு லெப்டினென்ட் அவர இழுத்துவிட, குண்டு ட்ரென்வித் மேல பாஞ்சுது. ஊருக்குள்ள நடக்கற சண்டைல இது தான் பெரிய கொடுமை, எந்த வீட்டுல இருந்து சாவு வரும்னே தெரியாது.

அடுத்து கணக்கு போட சொல்லுங்க, இத விட்டுடாதீங்க. கோட்டை சுத்தளவு 1 மைலுக்கு மேல, அதாவது 1600 மீட்டர் தாண்டி. ஆரம்பத்துல உள்ள இருந்தது 120 வெள்ளக்காரங்க, 200 சிப்பாய்ங்க. கடைசில நிக்க முடிஞ்சவங்க 80ம் 120ம் தான். ஒருத்தர் கூட கண்ணு மூடாம நின்னாலும் 8 மீட்டருக்கு ஒரு ஆள், இதுல 50 நாள். எப்ப தூங்கியிருப்பாங்கன்னு பசங்களயே கேளுங்க, பதில் சொல்லாம யோசிக்க விடுங்க. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள் இருக்கற ஊர் பசங்கன்னா அவங்களே நெறைய கேப்பாங்க.

சாப்பாடு கொறஞ்சப்போ சோத்த வெள்ளக்காரங்களுக்கு குடுத்துட்டு சிப்பாய்ங்க வடிச்ச கஞ்சிய குடிச்சாங்கன்னு ஒரு கதை உண்டு. அத விசுவாசம்னு மட்டும் சொல்லி முடிக்காதீங்க, கஞ்சித்தண்ணிய குடிச்சிட்டு ராத்திரி முழுக்க துப்பாக்கிய புடிச்சினு நின்னவன் ஒடம்பு என்ன ஆயிருக்கும்னு பேசுங்க.

நவம்பர் 14, மொகரம் அன்னிக்கு 4 பக்கமும் ஒரே நேரத்துல பாஞ்சாங்க. நெத்தில இரும்பு தகடு கட்டுன யானைங்கள கதவ ஒடைக்க ஓட்டினு வந்தாங்க, குண்டு பட்டதும் அதுங்க மெரண்டு திரும்பி சொந்த ஆளுங்களயே மிதிச்சுது. பசங்க சிரிப்பாங்க, அப்போ மிதிபட்டவங்களும் நம்ம சீமைல சண்டைக்கு வந்த சிப்பாய்ங்க தான்னு சொல்லுங்க.

நேரம் இருந்தா அதே நாள்ல வேலூர் கோட்டையயும் பாத்துடுங்க, அந்த அகழி அகலத்த பாத்தா ஆற்காட்டுல என்ன இல்லாம போச்சுன்னு பசங்களுக்கே புரியும்.