1850இல் கொழுந்து பறிக்காதீர்கள்

போன மாதம் ஹற்றனில் ஓர் எழுத்துப் பட்டறை. இலங்கை மலைத் தோட்டங்களின் பழைய காலத்தை நாவலாக எழுதும் இளையவர்கள் ஏழு பேர் கைப்பிரதியோடு வந்திருந்தார்கள். நான்கில் ஒரே பிழை. பத்து வருடத்துக்கு முன் நான் விட்ட அதே பிழை. படிக்கப் படிக்க வயிறு கலங்கியது. ஆண்டைத் தப்பாகப் போடுவது, பெயரைக் குழப்புவது எல்லாம் யார் பார்த்தாலும் திருத்தித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோப்பிக் காலத்தில் தேயிலை

நான்கு கதைகளிலும் 1850 வாக்கில் ஒரு பெண் முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கிறாள். அப்போது இலங்கை மலைகளில் இருந்தது கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் தேயிலை போட்டது 1867இல். 1869இல் மடூல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் பூஞ்சை நோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை மலையைப் பிடிக்க மேலும் பத்துப் பதினைந்து வருடம் ஆனது. நடுவில் சிங்கோனாப் பட்டை உரித்த காலம் ஒன்றும் உண்டு. அதை யாருமே எழுதுவதில்லை.

"சரி அண்ணே, தேயிலை வார இடத்தில எல்லாம் கோப்பின்னு மாத்திர்றேன்" என்றார் ஒரு தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன். முடியாது. தேயிலை வருடம் முழுக்கத் துளிர்க்கும். ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பி வந்து பறிக்க வேண்டும். அதற்கு ஆள் குடும்பத்தோடு தோட்டத்திலேயே இருக்க வேண்டும். கோப்பிக்குக் கூட்டம் தேவைப்பட்டது பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பறிப்பு முடிந்ததும் திரும்ப ஊருக்கு நடந்தார்கள். அந்த வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம்.

இப்போது உங்கள் கதையைப் பாருங்கள். லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) மூன்று தலைமுறை, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நாயகி, இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) கதை சொல்லும் பாட்டி. எல்லாம் சரிந்துவிடுகிறது. கைவேலையும் வேறு. கொழுந்தை விரல் நுனியில் கிள்ளலாம். கோப்பி சிவந்த பழம். தோலை நசுக்கினால் வழுவழுவென்று இரண்டு கொட்டை வெளியே வழுக்கும். அந்தப் பிசுக்குப் போகக் கழுவி, களத்தில் காயவைத்து, மாட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். ஒரு பழம் தப்பியதற்குச் சின்னத்துரை உதைத்ததைச் சொல்லும் நாட்டார் பாட்டு நம்மிடமே இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்டும் அதில் வரும் 'பழம்' என் காதில் ஏறவில்லை.

என் நாவலின் வெளியீட்டில், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் எழுந்து, "தம்பி, அந்தக் காலத்தில கொழுந்து ஏது?" என்றார். மூன்று வருட உழைப்பு அது. 300 பிரதிகளும் இன்னும் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. விற்க மனம் வரவில்லை. திரும்ப எழுதியபோது நாயகி முப்பத்தைந்து வருடம் பிந்திப் பிறந்தாள். கோப்பிக்கு நடந்து வந்த அவள் தகப்பன் கதையின் முதல் ஆள் ஆனான்.

ரயில்

நானுஓயாவுக்கு 1885. பதுளைக்கு 1924. அதற்கு முன் யாரையும் ஏற்றாதீர்கள்.

சதம்

1872க்கு முன் சதக் கணக்கு இல்லை.

'மலையகம்'

ஆட்களைக் கூட்டி வந்து வேலை வாங்கிய 1880ஆம் ஆண்டுக் கங்காணி வாயில் இந்தச் சொல் வராது. அவருக்கு இந்த மலைநாடு கண்டிச் சீமை.

துரை எழுதி வைத்தது

துரைமாரின் டயரி, கடிதம், அறிக்கை எல்லாம் படியுங்கள். மழை, விலை, ஏக்கர்க் கணக்குக்கு அவை உதவும். ஆனால் ஓர் ஆள் தோட்டத்தை விட்டு ஓடினார் என்றால், துரை எழுதிய காரணத்தை அப்படியே கதைக்குள் கொண்டுவராதீர்கள். துண்டில், அதாவது ஆளின் கடனைக் குறித்த சீட்டில், ஏறியிருந்த கடன் துரைக்கு வெறும் எண். ஓடியவருக்கு அதுதான் கழுத்துக் கயிறு. துண்டு முறை ஒழிந்தது 1921இல்.

பெரியவர்களிடம் ஆண்டு கேட்பது

"எந்த வருசம்?" என்று கேட்டால், வந்த பிள்ளை வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். "பஞ்சத்துக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள். 1973, 74ஐ அவர்கள் மறக்கவில்லை. "எந்தத் துரை காலம்?" என்றும் கேளுங்கள். பெயர் கிடைத்தால், தோட்டங்களையும் துரைமாரையும் பட்டியலிட்ட பழைய பெர்குசன் டிரெக்டரியில் தோட்டத்துக்கு நேரே அவர் இருந்த ஆண்டைத் தேடலாம்.

ஓர் ஆத்தா, தன் தாய் 1890இல் கடல் தாண்டி வந்ததாக அடித்துச் சொன்னார். அப்புறம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணி முடிச்சை அவிழ்த்து, ஓட்டை போட்ட ஒரு தகர வில்லையை என் உள்ளங்கையில் வைத்தார். "இதைக் கட்டித்தான் எங்க ஆத்தாவ அனுப்பினாங்க." அதில் வருடம் கிடையாது, எண் மட்டும். ஆனால் அந்தத் தகர டிக்கெட் முறை தொடங்கியதே 1900க்குப் பிறகுதான்.